நாமியே நகரில் ஒரு பகல்



இம்முறை உங்களை ஓர் ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அது புனிதத் தலமும் அன்று. புகழ்பெற்ற சுற்றுலாத் தலமும் அன்று. ஜப்பான் நாட்டின் வடகிழக்குக் கடற்கரையில், புகுஷிமா மாகாணத்தில் இருக்கும் நாமியே என்னும் சிறு நகரம். அங்கு நான் போன காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையேல், மதரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் ஓதிக்கொடுக்கும் ஒருவனுக்கும் மோட்டார் காரின் பழைய பேட்டரிக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கக்கூடும்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் எங்கள் கடற்கரையைக் கடந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அப்புயலில் தென்னைகளும் மின்கம்பங்களும் ஒருசேரச் சாய்ந்தன. எங்கள் மதரஸாவில் நாற்பது பிள்ளைகள் தங்கி ஓதுகிறார்கள். பல நாட்கள் விளக்கு இல்லை; மோட்டார் ஓடாததால் ஒளூச் செய்யவும் குடத்தில் நீர் சுமக்க வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்தால், அடுத்த ஆண்டே வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்களின் நன்கொடையைக் கொண்டு மாடியில் சூரிய மின்தகடுகள் அமைத்தோம். தகடுகள் இன்றும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றோடு வாங்கிய பேட்டரிகள்தாம் நான்காவது கோடையில் படுத்துவிட்டன. பகலெல்லாம் மாடியில் மின்சாரம் விளைகிறது. இரவுக்கு அதைச் சேர்த்து வைக்கக் களஞ்சியம் இல்லை.

இந்நிலையில் வியாபாரி ஒருவர் வந்தார். மின்சாரக் கார்களிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரிகள் தம்மிடம் இருப்பதாகவும், புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத் தருவதாகவும் கூறினார். முத்தவல்லி அவர்களுக்கு ஆசை, பொருளாளருக்கு அச்சம். அப்போது டோக்கியோவில் பணிபுரியும் என் மூத்த சகோதரியின் மகன், குடும்பத்தாரைப் பார்த்துப் போகும்படி எனக்குப் பயணச்சீட்டு அனுப்பியிருந்தான். முத்தவல்லி என்னைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், அந்த நாட்டில்தானே இப்படிப்பட்ட கார்களை முதலில் செய்தார்கள்? பழைய பேட்டரியை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வாருங்கள்" என்றார். பொதுப்பணத்தைச் செலவிடுவதற்கு முன் கேட்டறிவது நல்லதுதான். நானும் இசைந்தேன்.

டோக்கியோவின் உயெனோ நிலையத்தில் காலையில் 'ஹிதாச்சி' விரைவு வண்டியில் ஏறினோம். கடலையொட்டி வடக்கே செல்லும் ஜோபன் பாதை அது. மூன்று மணி நேரத்துக்கும் மேலான பயணம். மருமகன் மின்பொருள் தொழிலில் இருப்பவன். என் கேள்விகள் வளர வளர அவன் மடியில் இருந்த தாள்களும் படங்களால் நிறைந்தன.

அவன் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். நிஸ்ஸான் நிறுவனம் 'லீஃப்' என்னும் மின்சாரக் காரை 2010 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தரைக்கடியில் ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள ஒரு பெரிய மின்கலப் பெட்டி. அதனுள் 48 உட்பெட்டிகள். ஒவ்வோர் உட்பெட்டியும் நாம் ஓதும் பெரிய கிதாபு ஒன்றின் நீள அகலமே இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு கலங்கள். புதிதாய் இருக்கும்போது அந்தப் பெரிய பெட்டி 24 யூனிட் மின்சாரத்தைத் தாங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது குறையும். நான்கில் மூன்று பங்குக்குக் கீழே வந்துவிட்டால் காருக்குச் சுகப்படாது. முன்போல் நெடுந்தூரம் ஓட முடியாது. மேடேறும்போது வேகத்துக்கு வேண்டிய மின்சாரத்தை ஒரே மூச்சில் அள்ளித் தரவும் இயலாது.

ஆனால், பந்தய வண்டியில் பூட்ட முடியாத காளை நிலத்தில் கவலை இறைக்காதா? வீட்டிலோ பள்ளியிலோ வைக்கப்படும் பேட்டரி ஓட வேண்டியதில்லை. எடை சுமையாவதும் இல்லை. பகலில் மெல்ல நிரம்பி, இரவில் மெல்ல வடிந்தால் போதும். நான் ரயிலிலேயே கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் விடுதியில் ஆறு மின்விசிறிகளும் பத்து விளக்குகளும் எட்டு மணி நேரம் எரிய நாலரை யூனிட்டுக்குள்தான் ஆகும். எழுபது விழுக்காடு வலிமையோடு ஒதுக்கப்பட்ட ஒரு லீஃப் பெட்டியில் ஏறத்தாழ 17 யூனிட் தங்கும். இடையில் வீணாவதைக் கழித்தாலும் மூன்று இரவுகள் பிள்ளைகள் வியர்வையின்றித் தூங்கலாம். முத்தவல்லியின் ஆசையில் பிழையில்லை என்றே அப்போது எனக்குத் தோன்றிற்று.

இவாகி நிலையத்தைத் தாண்டியதும் பேச்சு தானாகவே குறைந்துவிட்டது. 2011 மார்ச் 11-ஆம் நாளின் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும், அவற்றைத் தொடர்ந்து புகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்தும் வாசகர்கள் அறிந்தவையே. அந்த நிலையத்தின் அயலில் இருக்கும் ஊர்களை ஊடுருவித்தான் இந்தப் பாதை செல்கிறது. தொமியோக்காவுக்கும் நாமியேவுக்கும் இடையே தண்டவாளம் மூடிக் கிடந்து, ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச் 14 அன்றுதான் மீண்டும் வண்டி ஓடியது. சன்னலுக்கு வெளியே சில வீடுகள் புதிதாய் இருந்தன. சில வீடுகளின் வாசலைப் புதர் மறைத்திருந்தது.

விபத்துக்கு முன் நாமியேவில் ஏறத்தாழ 21,000 பேர் வாழ்ந்தார்கள். மறுநாளே ஊர் முழுதும் வெளியேறியது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பாதுகாப்பு என்று நம்பி மேற்கே மலைப்பகுதியான சுஷிமாவில் ஒதுங்கினர். கதிர்வீச்சுக் கலந்த காற்றும் அத்திசையிலேயே சென்றது என்பது அவர்களுக்குப் பிறகே தெரியவந்தது. ஊரின் ஒரு பகுதிக்கு 2017 மார்ச் 31 அன்று தடை நீங்கியது. இப்போது அங்கே வாழ்வோர் பழைய எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு அளவினரே.

நிலையத்தைவிட்டு இறங்கியதும் என் காதுக்குப் புலப்பட்டது அமைதி. பொது இடங்களில், நம் ஊரில் மணிக்கூண்டு நிற்பது போல, கதிர்வீச்சின் அளவைச் சிவப்பு எண்களில் காட்டும் கருவிகள் நிற்கின்றன. மருமகன் அதைப் படித்துப் பார்த்து, "டோக்கியோவில் இருப்பதைவிட அதிகமாக இல்லை மாமா, நடக்கலாம்" என்றான். இருந்தும், முதல் ஐந்து நிமிடம் நான் சற்று அஞ்சியே நடந்தேன் என்பதை மறைப்பானேன்?

இந்த ஊரில்தான், 2018 மார்ச்சில், மின்சாரக் கார்களின் பழைய பேட்டரிகளைச் சோதித்து மறுவாழ்வு தருவதற்கென்றே ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஜப்பானில் இத்தகையது அதுவே முதலாவது. அதை நடத்தும் 'ஃபோர் ஆர் எனர்ஜி' நிறுவனத்தை நிஸ்ஸானும் சுமிதோமோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது 2010 செப்டம்பரில். மாதத்தைக் கவனியுங்கள்: கார் விற்பனைக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பே! பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போதே பேரப்பிள்ளையின் படிப்புக்குச் சீட்டுப் போடுபவர் நம்மிலும் உண்டு. ஆனால், ஒரு பொருளை விற்குமுன்பே அதன் முதுமைக்கு வழி தேடியவர்களை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

முன் அனுமதி இன்றி உள்ளே செல்ல இயலாதாகையால் வெளியே நின்றே பார்த்தோம். வெளித்தோற்றத்தில் ஆடம்பரம் ஏதுமில்லை. உள்ளே நடப்பதை மருமகன் விளக்கினான். கார்களிலிருந்து கழற்றிய பெட்டிகள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இங்கு வருகின்றன. ஒவ்வொன்றின் உட்பெட்டிகளும் சோதிக்கப்படுகின்றன. தொடக்கத்தில் ஒரு காரின் 48 உட்பெட்டிகளைச் சோதித்து முடிக்க 16 நாட்கள் ஆயின. பின்னர் முறையைத் திருத்தித் திருத்தி நான்கு மணி நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"அப்படி என்ன சோதனை? எல்லாம் ஒரே காரில், ஒரே நாளில் பூட்டப்பட்டவைதாமே?" என்று கேட்டேன்.

"உங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில்தான் அலிஃப், பே தொடங்குகிறார்கள். எல்லாரும் ஒரேபோல் ஓதுகிறார்களா மாமா?" என்றான்.

நேயர்களே, அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. முப்பது பிள்ளைகள் கூட்டாக ஓதும்போது எல்லாரும் ஓதுவதாகவே செவிக்குத் தோன்றும். ஒவ்வொருவனாக அழைத்துச் சபக் கேட்டால்தான், உதட்டை மட்டும் அசைத்தவன் யார் என்பது தெரியும். பேட்டரியில் நிலைமை இன்னும் கடுமை. உட்பெட்டிகள் சங்கிலி போல் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் மிக நலிந்தது எதுவோ, அது வடிந்த இடத்தில் மற்ற அனைத்தும் நின்றாக வேண்டும். நிற்காமல் வலிந்து இழுத்தால் நலிந்த கலம் கெடும், சூடேறும், லித்தியம் கலம் அளவு கடந்து சூடேறினால் தீப்பற்றும், பற்றிய தீ எளிதில் அணையாது. ஓதும் பிள்ளைகள் உறங்கும் கட்டடத்தின் மாடிப்படிக்கடியில் வைக்கும் பொருளைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சோதித்தவற்றை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். முதல் தரமானவை மீண்டும் காருக்கே செல்லும். இரண்டாந்தரம் பளு தூக்கும் வண்டிகளுக்கும், பெரிய மின்சேமிப்பு அமைப்புகளுக்கும். மூன்றாந்தரம், மின்சாரம் தடைப்படும் வேளையில் மட்டும் கைகொடுக்கும் காவல் பேட்டரியாக. மூன்றாந்தரத்துக்கும் மதிப்பான வேலை கிடைக்கிறது. நாமியேவுக்கு வடக்கே மினாமிசோமா நகரில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் கேட்டின் விளக்கும் மணியும் நிற்கக் கூடாதல்லவா? அதற்குக் காலங்காலமாக ஈயப் பேட்டரிகளே இருந்து வந்தன. 2021-இல் அவற்றினிடத்தில் பழைய லீஃப் கலங்களைப் பொருத்திச் சோதித்தார்கள். ஈயப் பேட்டரிக்கு ஆயுள் மூன்று முதல் ஏழு ஆண்டு. இதற்குப் பத்தாண்டு என மதிப்பிட்டார்கள். மின்னேற்றத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு நேரமே பிடித்ததாம்.

சூரிய மின்சாரத்தோடு இவற்றை இணைத்ததற்கு இன்னும் மூத்த சான்று ஒன்றுண்டு. ஒசாகா நகரத்துக் கடலில் மண் கொட்டி எழுப்பிய யுமெஷிமா தீவில், 2014-இலேயே, 16 கார்களின் பழைய பேட்டரிகளை ஒன்றாய் இணைத்து, அங்கிருந்த சூரிய மின்நிலையத்துக்குத் துணையாக வைத்தார்கள். மேகம் மறைக்கும்போது தகட்டிலிருந்து வரும் மின்சாரம் சட்டென்று விழும். விலகினால் சட்டென்று எழும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிச் சமன்படுத்துவதே அவற்றின் பணி.

நாமியேவிலும் அத்தொழிற்சாலை திறந்த சமயத்தில் ஒரு தெருவிளக்கை அறிமுகம் செய்தார்கள். உச்சியில் சூரியத்தகடு, உள்ளே பழைய கார் கலம். கம்பியில்லை, மின்நிலையத்தின் தயவும் தேவையில்லை. மின்நிலையத்தால் ஊரை இழந்த மக்களுக்கு அத்தகைய விளக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்தேன். கஜாவுக்குப் பிந்திய இரவுகளில் அப்படி ஒன்று எங்கள் தெருமுனையில் இருந்திருந்தால், அதன் கீழே ஊரே கூடியிருக்கும்.

பசி வந்தது. நாமியேவுக்குப் பேர்போன உணவு, தடித்த நூடுல்ஸில் முளைப்பயறும் பன்றி இறைச்சியும் சேர்த்துப் புரட்டுவது. நமக்கும் அதற்கும் வெகுதூரம்! மருமகள் கட்டிக்கொடுத்திருந்த புளிச்சோற்றைப் பிரித்தோம். உண்டபின் ஓர் ஓரத்தில் துண்டை விரித்து லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். போகிறவர் ஒருவர் நின்று, நாங்கள் முடிக்கும்வரை சைக்கிளை ஓட்டாமல் உருட்டியே கடந்து சென்றார்.

சாலையோரத்து அங்காடியில் ஓபோரி சோமா என்னும் மண்பாண்டங்களைக் கண்டேன். நாமியேவின் ஓபோரிப் பகுதியில் முந்நூறு ஆண்டுகளாகச் செய்யப்பட்டவை. இளம்பச்சை மெருகில் நுண்ணிய விரிசல் கோடுகள். ஓடும் குதிரையின் ஓவியம். கிண்ணத்துக்கு இரட்டைச் சுவர் வைத்து வனைகிறார்கள். உள்ளே தேநீர் கொதிக்கும். வெளியே பிடித்த கை சுடாது. விபத்துக்குப் பின் குயவர்கள் சூளைகளை விட்டுப் பல ஊர்களுக்குச் சிதறி, போன இடங்களில் புதிய சூளை வைத்தார்கள். ஒரு கிண்ணம் வாங்கினேன். விலையைக் கேட்டால் என் இல்லாள் இதைப் படிப்பதை நிறுத்திவிடுவாள், ஆகையால் எழுதவில்லை.

மாலைக்குள் உகேதோ ஆரம்பப் பள்ளியைப் பார்க்கச் சென்றோம். கடலுக்கு மிக அருகில், அணுமின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டரில் இருக்கிறது. பேரலையில் சிதைந்த கட்டடத்தை அப்படியே காத்து, 2021 அக்டோபர் முதல் மக்கள் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் சுவரும் கூரையும் பிய்ந்து, இரும்புகள் வளைந்து தொங்குகின்றன. நிலம் நடுங்கியபோது பள்ளியில் 82 பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியர்கள் காத்திருக்கவில்லை; ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஓஹிரா குன்றுக்குப் பிள்ளைகளை ஓட்டமும் நடையுமாக அழைத்துப் போனார்கள். ஏறும் வழி அறிந்த மாணவன் ஒருவன் வழிகாட்டினானாம். ஒரு பிள்ளையும் மாளவில்லை. மேல்தளத்து வகுப்பறையில், பின்னர் வந்துபோனவர்கள் எழுதிய வாசகங்களோடு ஒரு கரும்பலகை நிற்கிறது. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையின் முன்னே நிற்பவன் நான். அதன் எதிரே நின்றபோது என் வகுப்பின் நாற்பது முகங்களும் வந்துபோயின. பொருளாளரின் அச்சத்தை நான் அப்போது முழுதாக ஏற்றுக்கொண்டேன்.

திரும்பும் வண்டியில் மருமகனிடம் வெளிப்படையாகவே கேட்டேன்: "வாங்கலாமா, கூடாதா?"

"சோதித்த தாள் இருந்தால் வாங்குங்கள். ஒவ்வோர் உட்பெட்டிக்கும் எண் போட்டு, எவ்வளவு தாங்குகிறது என்று எழுதியிருக்க வேண்டும். எல்லாக் கலத்தையும் கண்காணித்துத் தேவையானபோது துண்டிக்கும் மின்னணுப் பலகை கூடவே இருக்க வேண்டும். இன்னொன்று மாமா, நம் ஊர் வெயில். அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவெப்பத்தில் இந்தக் காரின் பேட்டரிகள் சீக்கிரமே தளர்ந்துவிட்டன என்று 2012-இல் பலர் முறையிட்டார்கள். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் வைத்துவிடாதீர்கள்" என்றான். புதிய லித்தியம் பேட்டரியின் விலை ஆண்டுதோறும் சரிந்துவருவதால், சோதனைக்கும் சீரமைப்புக்கும் ஆகும் செலவைச் சேர்த்தால் பழையது அத்தனை மலிவாக நிற்பதில்லை என்றும் சொன்னான். இதை எங்கள் வியாபாரி சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் அவரை அழைத்துப் பேசினோம். நம் நாட்டிலும் 2022-இல் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் வந்துள்ளன. மின்சாரக் கார்ப் பேட்டரிகளும் அதில் அடக்கம். பழையதைச் சீரமைத்து விற்போர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பதிவைப் பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றினார். சோதித்த தாள் கேட்டேன். கைப்பேசியில் பளபளப்பான படங்களைக் காட்டினார். "ஹஜ்ரத், எல்லாம் ஒரே காரில் கழற்றியது, ஒரே வயசு. என்னை நம்புங்கள்" என்றார். முத்தவல்லி அவர் பக்கமே சாய்ந்தார். ஆகவே, மாதிரிக்கு மூன்று உட்பெட்டிகள் கொண்டுவரும்படி சொன்னோம்.

எங்கள் மஹல்லாவின் மின்பணியாளர், பள்ளிவாசல் முற்றத்தில், கட்டடத்தைவிட்டு விலகி, பக்கத்தில் மண்வாளியோடு உட்கார்ந்தார். மூன்றையும் ஒரே அளவில் மின்னேற்றி, ஒரே அளவு விளக்கை ஒவ்வொன்றிலும் பூட்டினார். அஸர் தொழுகை முடிந்து எரியவிட்டோம். பிள்ளைகள் தூரத்தில் சூழ்ந்து நின்று எது வெல்லும் என்று பந்தயம் பேச, நான் அதட்ட வேண்டியிருந்தது. முதலாவது விளக்கு 3 மணி 10 நிமிடம் எரிந்தது. இரண்டாவது 2 மணி 55 நிமிடம். மூன்றாவது, மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன்பே, 35 நிமிடத்தில் அணைந்துவிட்டது. மின்பணியாளர் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். முத்தவல்லி ஒன்றும் பேசாமல் எழுந்து ஒளூச் செய்யப் போனார்.

மறுவாரம் இருந்த பணத்துக்குப் புதிய டியூபுலர் பேட்டரிகள் இரண்டு வாங்கினோம். ஆறு விசிறிகளில் நான்குதான் இரவு முழுதும் ஓடுகின்றன. பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடத்தில் நெருக்கிப் படுக்கிறார்கள்.

வியாபாரி தம் பெட்டிகளை எடுத்துப்போக வந்த அன்று, மின்பணியாளர் நேரங்களைக் குறித்து வைத்த தாளைத் தமக்குத் தர முடியுமா என்று கேட்டார். வேறோர் ஊரில் காட்டினால் நல்ல இரண்டும் விலைபோகும் என்பது அவர் எண்ணம். தாளை நகலெடுத்துக் கொடுத்தேன், மூன்றாவது வரியையும் சேர்த்தே.